சைக்கிள் கசெட் வாங்கப் போகிறீர்களா? முதலில் செயினை அளந்து பாருங்கள்

2022ஆம் ஆண்டை நம்மில் எவரும் இலகுவில் மறந்துவிட முடியாது. 2021 டிசம்பர் கடைசியில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீற்றர், 2022 மே 24ஆம் திகதி 420 ரூபாவானது. ஜூன் 26ஆம் திகதி 470 ரூபாவானது. அதற்கு அடுத்த நாட்களில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த நாட்களில்தான் நம் ஊர்களில் பலர் வீட்டின் பின்புறம் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளை வெளியே எடுத்தார்கள். வாப்பா காலத்து ரலி, ஹம்பர் சைக்கிள்கள் முதல் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்த கியர் சைக்கிள்கள் வரை எல்லாம் வீதிக்கு வந்தன.

வரிசைகள் போய்விட்டன. மோட்டார் சைக்கிள் உள்ளவர்கள் மீண்டும் அதில் ஏறிவிட்டார்கள். ஆனால் சைக்கிளை விடாதவர்களும் இருக்கிறார்கள். குருவிட்ட நகரில் இரும்புச் சாமான்களோடு சைக்கிள் உதிரிப்பாகங்களையும் விற்று வருபவன் என்ற முறையில் அவர்களை நான் நாளாந்தம் காண்கிறேன். தோட்டத்திலிருந்து நகரத்துக் கடைக்கு வேலைக்கு வருபவர், அதிகாலையில் பேக்கரிக்குப் போகிறவர், ஏ4 வீதியில் இரத்தினபுரிப் பக்கம் காவல் வேலைக்குப் போகிறவர் என்று இவர்களுக்கெல்லாம் சைக்கிள் உடற்பயிற்சிக்கானது அல்ல, வேலைக்குப் போகும் வழி. அது ஒரு நாள் நின்றால் அன்றைய கூலியும் நிற்கும்.

இவர்கள் கடைக்கு வந்து அடிக்கடி கேட்பது ஒரே கேள்விதான்: "பின் சில்லில் பல் தேய்ந்து செயின் வழுக்குகிறது. நீண்ட காலம் தாங்கக் கூடிய கசெட் எது?" இதற்கு ஒரு பெயரைச் சொல்லிப் பெட்டியை எடுத்துக் கொடுப்பது இலகு. ஆனால் அந்தப் பெட்டி எத்தனை மாதம் உழைக்கும் என்பதைத் தீர்மானிப்பது பெட்டிக்குள் இருக்கும் சாமான் மட்டுமல்ல. இதை வாடிக்கையாளரும் விளங்கிக் கொள்ள வேண்டும், விற்கும் நாமும் விளங்கிக் கொள்ள வேண்டும்.

கசெட்டா, பிறீவீலா?

கசெட் என்றவுடன் பழைய பாட்டுக் கசெட் நினைவுக்கு வருபவர்களும் உண்டு. சைக்கிளில் கசெட் என்பது பின் சில்லில் சிறிதும் பெரிதுமாக அடுக்கப்பட்டிருக்கும் பற்சில்லுகளின் தொகுதி. ஆனால் நம் பகுதியில் ஓடும் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது கசெட் அல்ல, பிறீவீல். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றுக்குப் பதிலாக மற்றதைப் பூட்ட முடியாது.

பிறீவீல் என்பது பற்சில்லுகளும், "டிக் டிக்" என்று சத்தமிடும் பொறியும் ஒன்றாகச் சேர்ந்த சாமான். அது ஹப்பின் மேல் மரையில் திருகப்படுகிறது. கசெட்டில் அந்தப் பொறி ஹப்போடு சேர்ந்தே இருக்கும். பற்சில்லுகள் மட்டும் அதன் மேல் சொருகப்பட்டு, ஒரு வளையத்தால் இறுக்கப்படும். இன்று நாம் காணும் வடிவத்தில் இந்த அமைப்பை ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1978இல் சந்தைக்குக் கொண்டு வந்தது.

உங்கள் சைக்கிளில் இருப்பது எது என்று அறிய இலகுவான வழி உண்டு. பின் சில்லைக் கழற்றி, பற்சில்லுகளைப் பின்புறமாகச் சுற்றிப் பாருங்கள். சாவி பூட்டும் நடு வளையம் பற்சில்லுகளோடு சேர்ந்து சுற்றினால் அது கசெட். பற்சில்லுகள் சுற்ற, நடு வளையம் அசையாமல் நின்றால் அது பிறீவீல். கழற்றும் சாவிகளும் வேறு வேறு. பொருந்தாத சாவியைப் போட்டு அடித்துக் கழற்றினால் சாவி பூட்டும் பள்ளம் சிதைந்து, ஹப்பும் வீணாகிவிடும்.

பாரம் ஏற்றுபவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். பல கியர்கள் கொண்ட பிறீவீல் பூட்டிய ஹப்பில் வலப்பக்கக் குண்டுகள் உள்ளே தள்ளி அமைந்திருக்கும். அதனால் அச்சின் ஒரு பகுதி தாங்குதலின்றி நீண்டு நிற்கும். பின் கரியரில் 25 கிலோ அரிசி மூட்டையை வைத்துக் கொண்டு குழிகளில் இறங்கி ஏறினால் அந்த அச்சு வளையும். சில வேளை முறியும். கசெட் ஹப்பில் குண்டுகள் வெளிப்புறத்துக்கு அண்மையில் இருப்பதால் அச்சு வளைவது குறைவு. ஆகவே வருடா வருடம் அச்சு மாற்றுபவராக நீங்கள் இருந்தால், அடுத்த முறை பின் சில்லையே கசெட் ஹப் கொண்டதாக மாற்றுவது இலாபம். பாரம் ஏற்றாதவருக்குப் பிறீவீலே போதும். அதற்காகச் சில்லை மாற்றத் தேவையில்லை.

எத்தனை கியர்? எத்தனை பல்?

கியர் கூடினால் சைக்கிள் உயர்ந்தது என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். வேலைக்குப் போகும் சைக்கிளுக்கு இது பொருந்தாது. பின்னால் பற்சில்லுகளின் எண்ணிக்கை கூடக் கூட அவற்றின் இடைவெளி குறைகிறது, செயினும் ஒடுங்குகிறது. 8 கியர் செயினின் அகலம் ஏறக்குறைய 7 மில்லிமீற்றர்; 11 கியர் செயின் 5.5 மில்லிமீற்றர் அளவே. ஒடுங்கிய செயின் விலை கூடியது. அதன் தேய்மானத்தைப் பற்றியும் கூடுதல் அவதானம் வேண்டும். 7 அல்லது 8 கியர் சாமான்கள் விலை குறைந்தவை, சிறிய நகரங்களிலும் கிடைப்பவை, கியர் வயர் சற்று இளகினாலும் சமாளித்து ஓடுபவை.

உலோகத்தைப் பொறுத்தவரை உருக்கையே கேட்டு வாங்குங்கள். விலை கூடிய போட்டி சைக்கிள் கசெட்டுகளில் பாரத்தைக் குறைப்பதற்காகப் பெரிய பற்சில்லுகளை அலுமினியத்தில் செய்கிறார்கள். அலுமினியம் பாரம் குறைந்தது, ஆனால் விரைவில் தேய்வது. மலை ஏறும்போது நாம் பாவிப்பது அந்தப் பெரிய பற்சில்லுகளைத்தான். எனவே விலை கூடியது நீடித்து உழைக்கும் என்ற பொது விதி இங்கே தலைகீழாகிறது. ஷிமானோவின் விலை குறைந்த வரிசையான எச்.ஜி.200 போன்ற 8 கியர் கசெட்டுகள் உருக்கால் ஆனவை. தினசரிப் பாவனைக்கு அவையே பொருத்தம்.

அடுத்து, பற்களின் எண்ணிக்கை. மிகச் சிறிய பற்சில்லு 11 பல் கொண்டதாகவும் வரும், 12 பல் கொண்டதாகவும் வரும். பல் குறைந்தால் ஒவ்வொரு பல்லுக்கும் வேலை கூடுகிறது, செயினும் கூர்மையாக வளைகிறது, இரண்டும் தேய்மானமே. 12-32 அளவு குருவிட்ட போன்ற இடத்துக்கு நல்ல தெரிவு. நகரத்தின் சமதரையில் நடுச் சில்லுகளில் ஓடலாம். எரத்ன வழியாகப் பாவா ஆதம் மலைப் பக்கம் ஏறும் வீதிக்கும், தோட்டத்து ஏற்றங்களுக்கும் 32 பல் கை கொடுக்கும். பிறீவீல் சைக்கிள்களுக்கு ஷிமானோவின் டி.இசட்.500 வகையில் 14-28 அளவு பொதுவாகக் கிடைக்கிறது. அதில் மிகச் சிறியதே 14 பல் என்பதால் தேய்மானத்தைப் பொறுத்தவரை அது நன்மைதான்.

ஓட்டும் முறையிலும் ஆயுள் இருக்கிறது. முன்னால் 33 பல், பின்னால் 12 பல் என்று ஓடினாலும், முன்னால் 44 பல், பின்னால் 16 பல் என்று ஓடினாலும் வேகம் ஒன்றே. ஆனால் இரண்டாவது முறையில் செயினில் விழும் இழுவை நாலில் ஒரு பங்கு குறைவு. எனவே ஒரே வேகத்தைத் தரும் இரண்டு சேர்க்கைகளில் பெரிய பற்சில்லுகள் உள்ளதையே தெரிவு செய்யுங்கள். முன்னும் பின்னும் மிகப் பெரியவற்றை ஒன்றாகப் போட்டுச் செயினைக் குறுக்காக இழுக்க விடுவது மட்டும் கூடாது.

தேய்வது செயின், தேய்ப்பதும் செயின்

இனி விடயத்தின் மையத்துக்கு வருவோம். சென்ற வருடம் தோட்டப் பக்கமிருந்து பேக்கரி வேலைக்கு வரும் ஓர் இளைஞர் கடைக்கு வந்தார். "முதலாளி, பத்து மாசத்துல ரெண்டு கசெட் மாத்திட்டேன். இப்பவும் வழுக்குது. நல்ல சாமானா ஒண்ணு குடுங்க, விலை கூடினாலும் பரவாயில்லை" என்றார். "தம்பி, செயின் எப்ப மாத்தினீங்க?" என்று கேட்டேன். "செயின் அறுந்து போகலையே முதலாளி" என்றார். அறாத செயினை ஏன் மாற்ற வேண்டும் என்பது அவருடைய நியாயம். பலருடைய நியாயமும் அதுதான்.

செயினில் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையில் சரியாக அரை அங்குலம் இருக்க வேண்டும். பற்சில்லின் பற்களும் அதே அரை அங்குலக் கணக்கில்தான் வெட்டப்பட்டிருக்கின்றன. ஓட ஓட ஆணிகள் தேய்ந்து இந்த இடைவெளி கூடுகிறது. இதைத்தான் "செயின் நீண்டு விட்டது" என்கிறோம். நீண்ட செயின் எல்லாப் பற்களிலும் சமமாக உட்காராது. அது பல்லின் மேற்பகுதியில் ஏறி, பல்லைத் தன் அளவுக்கு அராவி எடுக்கும். பழைய செயினை வைத்துக் கொண்டு புதிய கசெட் பூட்டினால், அந்தப் புதிய கசெட்டும் சில மாதங்களில் பழைய செயினைப் போலவே ஆகிவிடும். அந்த இளைஞர் வாங்கிய இரண்டு கசெட்டுகளிலும் குறை இல்லை. அவற்றைத் தின்றது செயின்.

வழுக்குவதில் பணம் மட்டுமல்ல, உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் ஒரு பல் தாவினால் பெடல் திடீரென்று கீழே போகும். ஓட்டுபவர் நிலை குலைவார். பஸ்ஸும் லொறியும் ஒட்டிக் கொண்டு போகும் ஏ4 வீதியில் அப்படி விழுவது எப்படி முடியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

செயினை அளக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டியதில்லை. பிள்ளையின் பாடசாலைப் பையில் உள்ள 12 அங்குல அடிமட்டம் போதும். செயினின் மேற்பகுதியை இறுக்கமாகப் பிடித்து, ஓர் ஆணியின் மையத்தில் பூச்சியத்தை வையுங்கள். புதிய செயினாக இருந்தால் 12 அங்குலக் கோட்டில் இன்னோர் ஆணியின் மையம் சரியாக நிற்கும். அந்த ஆணி கோட்டைத் தாண்டி அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு (ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர்) போயிருந்தால் செயினை மாற்றும் வேளை வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு போயிருந்தால் பற்சில்லுகளும் தேய்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டி வரும். மாதம் ஒரு முறை இரண்டு நிமிடம் இதற்கு ஒதுக்கினால் போதும்.

ஒரு சிறு கணக்கு

விலைகள் கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. ஆகவே கணக்கின் வசதிக்காக மட்டும் செயின் 2,000 ரூபா, கசெட் 7,000 ரூபா, முன் பற்சில்லு 4,000 ரூபா என்று வைத்துக் கொள்வோம். வேலைக்குப் போக 7 கிலோ மீற்றர், வர 7 கிலோ மீற்றர், மாதம் 25 நாள் என்றால் மாதத்துக்கு 350 கிலோ மீற்றர்.

ஒருவர் செயினை அளந்து பார்த்து 3,000 கிலோ மீற்றருக்கு ஒரு முறை மாற்றுகிறார். மூன்று செயின்களுக்கு ஒரு கசெட் தாங்குகிறது. 9,000 கிலோ மீற்றருக்கு அவருடைய செலவு: செயின் 6,000, கசெட் 7,000, மொத்தம் 13,000 ரூபா.

மற்றவர் எதையும் பார்க்காமல், முற்றாக வழுக்கும் வரை ஓட்டுகிறார். 6,000 கிலோ மீற்றரில் எல்லாம் ஒன்றாகப் போய்விடுகிறது. செயின் 2,000, கசெட் 7,000, முன் பற்சில்லு 4,000. அவருடைய செலவும் 13,000 ரூபாதான்.

இருவரும் ஒரே தொகையைத்தான் செலவழித்தார்கள். ஆனால் முதலாமவருக்கு அது ஏறக்குறைய 26 மாதம் உழைத்தது. இரண்டாமவருக்கு 17 மாதம். அதிலும் இரண்டாமவர் முழுத் தொகையையும் ஒரே நாளில் எடுத்து வைக்க வேண்டும். நாட் கூலி பெறும் ஒருவருக்கு, அவ்வப்போது 2,000 கொடுப்பதும் ஒரே தடவையில் 13,000 கொடுப்பதும் ஒன்றல்ல. கடனில் விழுவது இப்படியான இடங்களில்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே இந்தக் கணக்கைச் செய்து பாருங்கள்.

நம் மண்ணும் மழையும்

இரத்தினபுரி மாவட்டத்தின் மழை வேறு. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெறும் பகுதி இது. கல் தொழில் தெரிந்த வாசகர்களுக்கு இன்னொன்றையும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கடினத்தின் அளவுகோலில் நீலக்கல் 9. நம் மண்ணில் எங்கும் கலந்திருக்கும் பளிங்குக் கல் மணல் 7. செயின் செய்யும் உருக்கு இந்த மணலை விடக் குறைந்தது. ஒயிலோடு மணல் சேர்ந்தால் அது கல் பட்டை தீட்டும் பசை போலத்தான். தீட்டப்படுவது உங்கள் செயின்.

மோட்டார் சைக்கிளிலிருந்து எடுத்த கழிவு ஒயிலைச் செயினில் ஊற்றும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதில் ஏற்கனவே உலோகத் தூளும் கரியும் கலந்திருக்கின்றன. அது வழுவழுப்பாகத் தெரிந்தாலும் தேய்மானத்தையே கூட்டும். மழையில் ஓடிவிட்டு வந்தால் பழைய துணியால் செயினைத் துடையுங்கள். காய்ந்த பிறகு ஒவ்வோர் உருளையிலும் ஒரு துளி சுத்தமான ஒயில் விடுங்கள். சிறிது நேரம் சுற்றிவிட்டு, வெளியே நிற்கும் ஒயில் முழுவதையும் துடைத்து விடுங்கள். ஒயில் தேவைப்படுவது ஆணிக்கு உள்ளே. வெளியே நிற்பது மணலைப் பிடிக்க மட்டுமே உதவும்.

சில்லு வெள்ளத்தில் மூழ்கினால் அதைச் சும்மா காயவிட்டு ஓட்டக் கூடாது. 2003 மே, 2017 மே வெள்ளங்களைக் கண்ட ஊர் இது. வெள்ளம் நமக்குப் புதிதல்ல. ஹப்பைத் திறந்து, சேற்றைக் கழுவி, புதிய கிறீஸ் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். அந்தச் சிறிய செலவு ஒரு ஹப்பைக் காப்பாற்றும்.

கியர் உள்ளே இருக்கும் சைக்கிள்

பாவித்த ஜப்பான் சைக்கிள்கள் சிலவற்றில் பின்னால் ஒரேயொரு பற்சில்லும், ஹப்புக்குள் மூன்று கியரும் இருக்கும். இதைப் பழைய மாதிரி என்று ஒதுக்குபவர்கள் உண்டு. ஒதுக்க வேண்டாம். கியர் முழுவதும் மூடிய ஹப்புக்குள் இருப்பதால் சேறு படாது. செயின் அகலமானது, நேராக ஓடுவது, விலை குறைந்தது. பற்சில்லும் தடித்தது. ஷிமானோவின் மூன்று கியர் ஹப்பில் மேல் கியர், கீழ் கியரை விட ஏறக்குறைய 1.86 மடங்கு வேகம் தரும். நகரத்துக்கும் சிறு ஏற்றங்களுக்கும் இது போதும். செங்குத்தான தோட்ட வீதிக்குப் போதாது. சமதரையில் வேலைக்குப் போகும் ஒருவர் என்னிடம் ஆலோசனை கேட்டால், கசெட்டை விட இதையே முதலில் சொல்வேன்.

புதிதாக வந்திருப்பவற்றில் ஷிமானோ 2021இல் அறிமுகப்படுத்திய லிங்க்கிளைட் வகையைக் குறிப்பிட வேண்டும். முந்தைய வகையை விட மூன்று மடங்கு தேய்மானம் தாங்கும் என்று நிறுவனம் கூறுகிறது. ஆனால் அதற்கென்றே செய்த கியர் மாற்றும் கைப்பிடியும் பின்புறக் கருவியும் வேண்டும். புதிய சைக்கிள் வாங்குபவர் அதை யோசிக்கலாம். இருக்கும் சைக்கிளுக்குக் கசெட் மட்டும் மாற்றுபவருக்கு அது உதவாது.

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை

உதிரிப்பாகம் விற்கும் சகோதரர்களுக்கும் இதில் சொல்ல ஒன்று உண்டு. ஒரு கசெட்டில் கிடைக்கும் இலாபம் செயினில் கிடைப்பதை விடக் கூடத்தான். ஆனால் கசெட்டை விற்றுவிட்டுச் செயினைப் பற்றிப் பேசாமல் விட்டால், ஐந்து மாதத்தில் அந்த மனிதர் திரும்பி வருவார்; "உங்கள் சாமான் சரியில்லை" என்பார். அல்லது திரும்பியே வரமாட்டார். மேசையில் ஓர் அடிமட்டத்தை வைத்து, வருபவரின் செயினை இலவசமாக அளந்து காட்டுங்கள். செயின் நன்றாக இருந்தால் "இன்னும் இரண்டு மாதம் ஓட்டுங்கள்" என்று சொல்லி அனுப்புங்கள். அன்று ஒன்றும் விற்காமல் அனுப்பப்பட்டவர் அடுத்த முறை வேறு கடைக்குப் போவதை நான் கண்டதில்லை.

கையிருப்பிலும் பணத்தை முடக்கத் தேவையில்லை. 7 கியர் 14-28 பிறீவீல், 8 கியர் 12-32 உருக்குக் கசெட், ஒற்றைப் பற்சில்லுக்கான 18 பல் பிறீவீல், இவற்றுக்கான செயின்கள் ஆகியவை இருந்தால் வருபவர்களில் பெரும்பாலானோருக்குக் கொடுக்கலாம். செயின்களைக் கசெட்டுகளை விட இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக வைத்திருங்கள். தேய்வதற்கென்றே உள்ள சாமான் அதுதான்.

வாங்கப் போகும்போது

கடைக்குப் போக முன் இவற்றைக் குறித்துக் கொள்ளுங்கள்.

1. உங்களிடம் இருப்பது கசெட்டா, பிறீவீலா, எத்தனை கியர் என்று பாருங்கள். முடிந்தால் பழைய சில்லையே கொண்டு போங்கள்.

2. செயினை அளந்து பாருங்கள். அளவு தாண்டியிருந்தால் செயினும் கசெட்டும் சேர்த்தே வாங்குங்கள். கையில் ஒன்றுக்கு மட்டும் பணம் இருந்தால், கசெட்டை மட்டும் வாங்கிப் பழைய செயினோடு ஓட்ட வேண்டாம். பணம் சேரும் வரை ஏற்றத்தில் இறங்கித் தள்ளுங்கள்.

3. உருக்கா என்று கேளுங்கள். பற்சில்லுகளில் பல் எண்ணிக்கையும் தயாரிப்பாளர் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் மட்டும் பெயர் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

4. பூட்டியதும் ஆள் நடமாட்டம் குறைந்த சிறு ஏற்றத்தில், ஆசனத்தில் அமர்ந்தபடியே ஒவ்வொரு கியரையும் போட்டு மிதித்துப் பாருங்கள். வழுக்கினால் அங்கேயே பாஸிடம் காட்டுங்கள்.

5. வாங்கிய திகதியைக் கடைப் பற்றுச்சீட்டின் பின்புறம் எழுதி வையுங்கள். அடுத்த முறை எத்தனை மாதம் உழைத்தது என்பதை நீங்களே அறிவீர்கள்; எந்தச் சாமான் நல்லது என்று எவரிடமும் கேட்க வேண்டி வராது.